இடது பக்கத்துப் புல்லாங்குழல்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வாக்மேன் படத்தைப் போட்டிருந்தார்கள். ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒட்டிய ஹெட்ஃபோன், இடுப்பில் மாட்டுகிற கிளிப், எல்லாம் அப்படியே. கீழே வரிசையாக இதயங்கள். அப்புறம் உங்களில் ஒருவர் எழுதினார்: "கரையான்சாவடி திருட்டுக் கடை ஞாபகம் இருக்கா? நம்ம குவார்ட்டர்ஸையே ஏமாத்தினானே!" அதற்குக் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் பதினைந்து இருபது.

நான் மூன்று தடவை பதில் எழுத ஆரம்பித்து மூன்று தடவையும் அழித்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் ஒரு ஹெட்ஃபோன் படத்தைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சின்னதாகச் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். பேரக்குழந்தை அழுதால் மட்டும் எழுந்து போங்கள்.

நம் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வாங்குவது என்பது பெண் பார்க்கப் போகிற மாதிரி. நாலு ஆம்பிளைகள் சேர்ந்து பூந்தமல்லி பஸ் ஏறிக் கரையான்சாவடிக்குப் போவார்கள். ஒருவர் சத்தத்தை முழுக்கத் திருப்பி, ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்கிறதா என்று பார்ப்பார். ஒருவர் கடையை விட்டு இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, அங்கேயும் கேட்கிறது என்று கையை ஆட்டுவார். எல்லாரும் ஃபேக்டரியில் மிஷின் ஓட்டுகிறவர்கள். எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கினால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

இன்னொரு சட்டமும் இருந்தது. கடைக்காரன் கேசட்டை நம்பக் கூடாது. அவனிடம் இருக்கிற கேசட்டுக்கு எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் பாடும். நமக்கு மனப்பாடமான பாட்டைப் போட்டுத்தான் பெட்டியைக் கேட்க வேண்டும். அதற்கென்றே வீட்டுக்கு ஒரு கேசட் உண்டு. எங்கள் வீட்டுக் கேசட்டை அப்பா கைக்குட்டையில் சுற்றி எடுத்து வருவார். அதில் முதல் பாட்டு ஒரு பெண் பாடியது. எந்தப் பாட்டு என்று கேட்காதீர்கள், சொன்னால் உடனே பாட ஆரம்பித்துவிடுவீர்கள். அவள் ஒரு வரி பாடி நிறுத்துவாள். ஒரு புல்லாங்குழல் வந்து அவளுக்குப் பதில் சொல்லும். மறுபடி ஒரு வரி, மறுபடி குழல். எனக்கு அந்தக் குழலுக்காகவே அந்தப் பாட்டு.

அந்த ஊர்வலத்தில் எனக்கு எப்படி இடம் கிடைத்தது என்றால், எட்டு வயதில் எதிர் பிளாக் மாமாவுக்குப் பெட்டி பார்க்கப் போனபோது நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஆம்பிளைகள் எல்லாம் தலையை ஆட்டி, "பிரமாதம், கட்டிடுங்க" என்று சொல்லி முடித்திருந்தார்கள். நான் மட்டும், "பாட்டு டயர்டா இருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் முதுகைத் திறந்தார். உள்ளே சக்கரத்தைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் லேசாகத் தளர்ந்திருந்தது.

"யம்மா! இன்னா காதுபா இந்தப் பாப்பாவுக்கு!" என்றார் அவர். "நானே கண்டுபுடிக்கல. சார், இத்த நான் தர மாட்டேன். வேற பொட்டி பிரிக்கிறேன் இரு."

அவரைத்தான் நீங்கள் திருடன் என்கிறீர்கள். ஒல்லியான ஆள். விரல் நுனியெல்லாம் பற்றவைத்துச் சுட்டுக்கொண்ட தழும்பு. கடைக்குள் எப்போதும் ஈயம் உருகுகிற வாசனை. எல்லாரும் அவரை அண்ணாத்தே என்றே கூப்பிட்டோம். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார், கடைசியில் கொஞ்சம் டேப் மிச்சமிருந்தால் லிஸ்ட்டில் இல்லாத ஒரு நல்ல பாட்டைத் தானாகவே சேர்த்துவிடுவார்.

அன்றிலிருந்து யார் பெட்டி வாங்கினாலும் என்னையும் கூட்டிப் போனார்கள். நான் பாட்டைக் கேட்பதில்லை. பாட்டுக்கு முன்னால் டேப் வெறுமனே ஓடுமே, அந்த மௌனத்தைக் கேட்பேன். அதில் உஸ்ஸென்ற இரைச்சல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்டால் நல்ல பெட்டி. அப்பாவுக்கு ஒரே பெருமை. எங்கள் பக்கம் திருநெல்வேலி என்பது உங்களுக்குத் தெரியும். "எம் மவ காது தராசுல்லா" என்று ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லுவார். கர்வம் எனக்கும் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கீழ் வீட்டுப் பெண்ணை நினைவிருக்கிறதா? காது கேட்காத பெண். என் வயதுதான். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவளை வெளியூரில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். தகரப் பெட்டியோடு ரிக்ஷாவில் ஏறினாள். புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. எங்கே போகிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எனக்குக் கையாட்டினாள். மூன்றாம் நாள் அவளுடைய அம்மா மட்டும் திரும்பி வந்தாள். வந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து பார்த்தேன். காது கேட்காவிட்டால் இப்படித்தான், சிரிக்கச் சிரிக்கக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று என் மனதில் பதிந்துவிட்டது. இந்தப் பயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு நம் பிளாக்கில் பொன்னுக்கு வீங்கி வந்தது. ஒருத்தர் விடாமல் கன்னம் வீங்கிக் கிடந்தோம். அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்பது வழக்கம். பள்ளிக்கூடமும் இல்லை, கழுத்தில் தங்கச் சங்கிலியும் இருக்கிறது, ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டுகிறார்கள். மகாராணி மாதிரி இருந்தேன். நாலாம் நாள் இடது காதுக்குள் ஒரு கொசு நுழைந்துகொண்ட மாதிரி ஒரு ரீங்காரம். தலையும் சுற்றியது. அம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துக் காதில் விட்டாள். பத்து நாளில் ரீங்காரம் போய்விட்டது, வீக்கமும் வடிந்தது. சங்கிலியை வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தோம்.

கண்ணாமூச்சி ஆடும்போது நான் தப்பான பக்கமே போய்த் தூணில் முட்டியதும், நீங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்ததும் அதற்கப்புறம்தான். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வீடே அமைதியாகிவிடும். "பிள்ளை இப்பம்லாம் அசந்து தூங்குது" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அம்மாவோடு போனேன். மிலிட்டரி கிடங்குக்குப் பிரிந்து போகிற சைடிங் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். எஞ்சின் ஊதியது கேட்டது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். தண்டவாளம் காலியாக இருந்தது. காலை எடுத்து வைத்தேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்ததில் மல்லாக்க விழுந்தேன். எஞ்சின் இடது பக்கமிருந்து வந்து, சூடான காற்று முகத்தில் அடிக்கிற தூரத்தில் என்னைத் தாண்டிப் போனது. அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி முதுகில் ஒன்று வைத்தாள்.

"காது செவிடாட்டி ஒனக்கு? இந்தப் பக்கம் ஊதுதான், நீ அந்தப் பக்கம் பாக்க!"

எல்லா அம்மாவும் எல்லாப் பிள்ளையையும் திட்டுகிற திட்டுதான். எனக்கு மட்டும் அந்த வார்த்தை வீடு வரும்வரை கூடவே வந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

ஏப்ரல் மாதம் வந்தது. அண்ணன் பாலிடெக்னிக் போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தினமும் ரயிலில் போய் வருகிறவன். எல்லாப் பேப்பரிலும் பாஸானால் வாக்மேன் என்று அப்பா சொல்லியிருந்தார். எந்தக் கம்பெனி செய்தாலும் நாம் அதை வாக்மேன் என்றுதானே சொன்னோம். பாஸாகிவிட்டான். அவனுக்குத் தெரியாமல் வாங்கிவந்து கையில் கொடுப்பது என்று அப்பாவும் நானும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். கைக்குட்டையில் கேசட்.

அண்ணாத்தே கண்ணாடி மேசைமேல் ஒரு புதுப் பெட்டியைப் பிரித்து வைத்தார். ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார். அதுவரை நான் ஹெட்ஃபோன் மாட்டியதே இல்லை. பஞ்சு காதில் குறுகுறுத்தது. மௌனம் நன்றாக இருந்தது, இரைச்சல் குறைவு. அவள் மூச்சு இழுத்தாள். பாடினாள். நிறுத்தினாள்.

குழல் வரவில்லை.

குழல் வர வேண்டிய இடத்தில் தூரத்தில் கிணற்றுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி ஒரு நிழல் இருந்தது. அவ்வளவுதான். அடுத்த வரி பாடினாள், அதற்கும் அப்படியே. ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"இதுல புல்லாங்குழல் இல்லப்பா."

அண்ணாத்தே தன் காதில் மாட்டிப் பார்த்தார். "கீதே பாப்பா? ஷோக்கா கீது. லெஃப்ட்டுல பாடுது பாரு."

"எம் மவ இல்லைன்னா இல்லைதான். வேற எடும்" என்றார் அப்பா.

இரண்டாவது பெட்டி வந்தது. அதிலும் குழல் இல்லை. அண்ணாத்தே வாங்கிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாவதைப் பிரித்தார். இந்த முறை அவசரத்தில் ஹெட்ஃபோனை நானே வாங்கி மாட்டிக்கொண்டேன், இடம் வலம் பார்க்காமல்.

குழல் வந்தது. வலது காதுக்குள் நேராக வந்தது. ஆனால் தபேலாவைக் காணோம்.

கையில் பிடித்திருந்த வயரைப் பார்த்தேன். இடது என்று எழுத்துப் போட்ட பஞ்சு என் வலது காதில் இருந்தது. மெதுவாகத் திருப்பி மாட்டினேன். குழல் போய்விட்டது, தபேலா வந்துவிட்டது. மறுபடி திருப்பினேன். குழல். கோளாறு எந்தப் பெட்டியிலும் இல்லை.

என்ன நடந்தது என்று நிதானமாக யோசித்ததாக ஞாபகமில்லை. தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. தலை நிறையப் பூவோடு அவள் கையாட்டியது ஞாபகம் வந்தது. மூத்திரம் வந்துவிடுமோ என்று தொடைகளை இறுக்கிக்கொண்டேன்.

"என்னட்டி? இது எப்படி இருக்கு?"

இதுவும் சரியில்லை என்றால் இருவரில் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். "வேற இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அலமாரியின் அடியிலிருந்து நாலாவதை எடுத்தார். கடையில் அதுதான் கடைசிப் பெட்டி. மாட்டினேன். பாட்டு ஓடியது. நான் எதையும் கேட்கவில்லை, நெஞ்சு அடிப்பதைத்தான் கேட்டேன்.

"இது நல்லா இருக்குப்பா" என்றேன். "குழல் வருது."

"இரு, நானும் ஒருவாட்டி கேட்டுட்றேன்" என்று அண்ணாத்தே கையை நீட்டினார்.

அப்பா அந்தக் கையைத் தடுத்தார். "நீரு என்னத்தக் கேக்கப் போறீரு? மூணு பெட்டிய நல்லாருக்குன்னு சொன்ன ஆளு. எம் மவ கேட்டாச்சு. கட்டும்."

அப்பாவும் கேட்கவில்லை. பத்துப் பேர் பார்க்கத் தலையில் வளையத்தை மாட்டிக்கொண்டு நிற்பதா என்று அவருக்குக் கூச்சம். மிஷின் பாகத்தை மூன்று தடவை அளந்து பார்க்கிற மனுஷர் அன்று ஒரு தடவைகூட அளக்கவில்லை. என் காதை அவர் அவ்வளவு நம்பினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வலது காதுக்குள் கட்டைவிரலை வைத்து அடைத்துப் பார்த்தேன். பஸ் நின்றுவிட்டது. அதாவது ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமில்லாமல் ஓடியது. கண்டக்டரின் வாய் மட்டும் அசைந்தது. விரலை எடுத்தேன், உலகம் திரும்பி வந்தது. பருத்திப்பட்டு வருவதற்குள் இருபது தடவை அப்படிச் செய்திருப்பேன். அப்பா, "காதுல என்னட்டி குடைச்சல்?" என்று கேட்டார். அன்றிலிருந்து யார் எதிரிலும் காதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வீட்டில் அண்ணன் வாக்மேனைப் பார்த்துக் குதித்தான். மாட்டினான். முகம் சுருங்கியது.

"இன்னாபா இது, லெஃப்ட்டு செத்துப் போய் கீது! ஒரு பக்கம்தான் பாடுது."

வேறு நாளாக இருந்தால் "இன்னாபா" என்றதற்கே அப்பா அறைந்திருப்பார். அன்று ஹெட்ஃபோனை வாங்கித் தன் தலையிலேயே மாட்டிக் கேட்டார். அம்மா கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். எல்லாருக்கும் வலது பக்கம் பாடியது, இடது பக்கம் செத்துக் கிடந்தது. மூன்று நல்ல பெட்டிகளை வேண்டாமென்று சொல்லி, உண்மையாகவே கோளாறான ஒன்றை நான் நல்லதென்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரே பக்கம் செத்துப்போயிருந்தது.

யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. அதுதான் பயங்கரம். அப்பா எழுந்து நின்றுகொண்டே சொன்னார்: "மாத்திட்டான். கட்டும்போது வேற பெட்டிய வச்சுக் கட்டிட்டான்."

மறுநாள் ஞாயிறு. அப்பா, எதிர் பிளாக் மாமா, இன்னும் இரண்டு பேர், சாட்சிக்கு நான். காலையில் சாப்பிட்டதை வாசலிலேயே வாந்தியெடுத்தேன். "வெயிலு" என்று அம்மா முகத்தைத் துடைத்து அனுப்பினாள். பஸ்ஸில் முழு வழியும், பஸ் கவிழ்ந்தால் நன்றாயிருக்கும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடையில் அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். கேசட் பதியக் கொடுக்க வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். "பச்சப்பிள்ளைய ஏமாத்தலாம்னு பாத்தீராவே? இவ கேட்டது ஒண்ணு, நீரு கட்டுனது ஒண்ணு!"

"சார், கொயந்த கேட்ட பொட்டியத்தான் சார் கட்னேன். நான் கேக்கறேன்னு சொன்னேன், நீங்கதான் வோணாம்னீங்க." குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். "பாப்பா, நீயே சொல்லு. நீ கேட்ட பொட்டி இதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதுதான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பிறகு டாக்டர், பிறகு ரிக்ஷா, பிறகு தகரப் பெட்டி.

"இது இல்ல. அது வேற" என்றேன்.

கூட்டம் ஹோவென்றது. யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள், யாரோ விலக்கினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் நான் சுவரோரம் ஒண்டினேன். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ உறுத்த, இடது பக்கம் திரும்பினேன். அண்ணாத்தே ஒரு முழ தூரத்தில் நின்று எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் திடுக்கிட்டுத் திரும்பியதைப் பார்த்து அவர் வாய் நின்றுவிட்டது. என் இடது காதைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த ஹெட்ஃபோனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாளின் மூன்று பெட்டிகளும் அவர் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து போனதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடலாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகமில்லை. ஏதோ செய்தேன்.

அவர் அப்பாவிடம் போனார். "சார், வுடுங்க. மாறித்தான் பூட்ச்சி. தப்பு என்னுதுதான். சரி பண்ணி வெக்கிறேன், ரெண்டு நாள் கழிச்சி வாங்க."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்!" என்றார் எதிர் பிளாக் மாமா.

இரண்டு நாள் கழித்துப் போனபோது பெட்டி இரண்டு பக்கமும் நன்றாகப் பாடியது. அப்பாவே மாட்டிக் கேட்டார். கூச்சமெல்லாம் போய்விட்டது. அவர் வெளியே பஸ் வருகிறதா என்று பார்க்கப் போன சமயம் அண்ணாத்தே மேசையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். என் வலது பக்கமாக வந்து நின்றார். விரல் நீளத்துக்கு ஒரு வயர்த் துண்டை என் கையில் வைத்தார். ஒரு முனையில் முள், ஒரு முனையில் ஓட்டை.

"இத்த பொட்டில சொருவு. இதுல ஹெட்ஃபோன சொருவு. ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சேந்து ஒரே காதுல வரும். உள்ள கூட்டிப் பத்தவச்சி கீறேன்." பிறகு இன்னும் மெதுவாக, "நான் ஆர்கிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு. நீ ஆனா ஊட்ல சொல்லிடு. ரயில் ரோட்டாண்ட போற கொயந்த" என்றார்.

நான் நன்றி சொல்லவில்லை. ஓடிவந்துவிட்டேன்.

அண்ணன் குளிக்கப் போனபோது அந்தத் துண்டைச் சொருகிக் கேட்டேன். அவள் பாடி நிறுத்தினாள். குழல் வந்தது. அப்படியே முழுசாக, தபேலாவும் கூடவே. வாயைப் பாவாடையால் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமா என்று கேட்காதீர்கள். என் ரகசியத்துக்கு இப்போது ஒரு உருவம் வந்துவிட்டது, அது கையில் பிடிக்கிற மாதிரி இருக்கிறது, யாராவது பார்த்துவிடலாம். ஜாமெட்ரி பாக்ஸின் அடியில், பேப்பருக்குக் கீழே ஒளித்தேன். யார் அந்த டப்பாவைக் கேட்டாலும் உயிர் போய் உயிர் வந்தது. உங்களில் ஒருத்தி காம்பஸ் கேட்டு நான் தரவில்லை என்று மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாயே, காரணம் இதுதான்.

குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவியது. யாரும் கரையான்சாவடிக்குப் போகக் கூடாது, குமணன்சாவடியில் வேறு கடை இருக்கிறது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கமானது. அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. திருடன் என்று பெயர் வாங்கியவன் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் இனி யாரும் நம்ப மாட்டார்கள். பத்து வயதில் எனக்கு அந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாக விளங்கியது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்த ஜூன் மாதம், அம்மாவோடு பூந்தமல்லி போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது. கரையான்சாவடியில் பஸ் நின்றது. அவர் கடைக்கு வெளியே ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பெட்டிகூடத் திறந்திருக்கவில்லை. ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் தன் வலது காதைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி, கேட்கிறதா என்று சைகை செய்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்தார். பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்குத் தெரிய இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சோதனையில் பிடிபட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, பொன்னுக்கு வீங்கியில் நரம்பு போய்விட்டது, அன்றைக்கே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். தகரப் பெட்டி எதுவும் வரவில்லை. முதல் பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தச் சீட்டுக்குப் பயந்தா நான் அத்தனையும் செய்தேன்?

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா சீட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "அப்பம் அந்தக் கடைக்காரன்..." என்று ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் முடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாகக் கரையான்சாவடி போய்வந்தார். அந்தக் கடையில் இப்போது ஒரு டெய்லர் இருக்கிறாராம், இது பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அண்ணாத்தே எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லையாம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என்னிடம் "இல்ல" என்று மட்டும் சொன்னார். நாம் எல்லாரும் நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த அப்பாவும் ரிட்டயர் ஆகும்வரை குவார்ட்டர்ஸில் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. மகள் காது விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணத்துக்குத் தடங்கலாகும் என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை. உங்கள் அப்பாக்கள் அவரைத் திருடன் என்று நம்பியே போய்ச் சேர்ந்தார்கள். நீங்கள் போன வாரம்வரை சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

வயர்த் துண்டு எந்த வீடு மாற்றும்போதோ தொலைந்துவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால், அவர் பிள்ளைகள் எங்கேயாவது இருப்பது தெரிந்தால், இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர் அன்றைக்குக் குனிந்து என் முகத்துக்கு நேராக ஒரு கேள்வி கேட்டார். இத்தனை பேரை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்கிறேன்.

ஆமாம் அண்ணாத்தே. நான் கேட்ட பெட்டி இதேதான்.